வெள்ளம், புயல், தீ: வளர்ச்சிக் குறைபாடு உள்ள நம் பிள்ளைகளுக்கான முன்னேற்பாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புரட்டாசி பிறந்து வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு என்ற பேச்சு வந்துவிட்டால் போதும், எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன வருஷம் கேட்ட கேள்விகளே திரும்ப வரும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் (பிள்ளை என்றால் நாற்பது வயதுப் பிள்ளையும் சேர்த்துத்தான்) இருக்கிற குடும்பங்கள் சேர்ந்த குழு அது. பாதிப் பேர் சென்னையில் தண்ணீர் தேங்குகிற முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம். அங்கே தண்ணீர் வருமா என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்து அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆட்டிசமும் வலிப்பும் உள்ள ஒரு வளர்ந்த பையனின் அம்மா, அவ்வளவுதான். மாத்திரை, அளவு சம்பந்தப்பட்டதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை வந்தா எல்லாருக்கும்தான் கஷ்டம். நம்ம பிள்ளைக்குன்னு தனியா என்ன பிளான் வேண்டிக்கெடக்கு?

ஊருக்குப் பொதுவாகச் செய்கிற ஏற்பாடு எல்லாம் ஒரு மாதிரியான ஆளை மனதில் வைத்துச் செய்தது. மைக்கில் சொன்னால் புரிந்துகொண்டு, தானே நடந்து வந்து, படகில் ஏறி, கொடுத்த பொட்டலத்தைச் சாப்பிட்டு, முன்பின் தெரியாத இருநூறு பேரோடு ஒரே ஹாலில் படுத்துத் தூங்குகிற ஆள். இதில் உங்கள் பிள்ளையால் எத்தனை முடியும் என்று எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பர் 1 ராத்திரி படுக்கப் போனவர்கள் விடிவதற்குள் அடையாற்றுத் தண்ணீரை வீட்டுக்குள் பார்த்தார்கள். அந்த இருட்டில், கரண்டும் இல்லாமல், ‘செல்லம், நாம இப்ப போட்ல போகப் போறோம்’ என்று புதிதாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் எல்லாத் தகவலும் அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், சோற்றை எப்படிப் பிசைந்தால் சாப்பிடுவான், எல்லாமே. அந்த அம்மாவே வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தால்? அம்மா பக்கத்தில் இல்லாத ஒரு நாள் முழுக்கப் பிள்ளை பத்திரமாக இருந்தால்தான் அது திட்டம். கீழே வருகிற பதில்கள் எல்லாம் அந்த ஒரு நாளை நினைத்து எழுதியவைதான்.

என் மகளுக்கு மைல்டுதான். படிக்கிறா, தனியா கடைக்குப் போறா. அவளுக்குமா?

அவளுக்கும்தான். வழக்கமான நாளில் சமாளிப்பது வேறு, எல்லாம் தலைகீழான நாளில் சமாளிப்பது வேறு. பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கே பதற்றத்தில் பேச்சு நின்றுபோவதுண்டு. பார்க்கச் சாதாரணமாக இருப்பதால் ‘ஏம்மா, சொன்னா கேக்க மாட்டியா’ என்று அதட்டு வாங்குவதும் இவர்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அவளுக்காக நீங்கள் திட்டம் போட வேண்டாம், அவளை உட்காரவைத்து அவளோடு சேர்ந்து போடுங்கள். பையில் என்ன வேண்டும், யாரை நம்புவாள், எது பயம் என்று அவளே சொல்வாள், நாம் நினைத்ததற்கு நேர்மாறாகக்கூட இருக்கும். 112 என்ற நம்பரையும் வீட்டு விலாசத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? பை ரெடி பண்ணவா?

பைக்கு முன்னால் ஒரு தாள். பை வாங்குவது சுலபம் என்பதால் எல்லோரும் அதில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறோம். ஒரே ஒரு பக்கம், தமிழில், பெரிய எழுத்தில், உங்கள் பிள்ளையை முன்பின் பார்த்திராத ஒருவர் அரை நிமிஷத்தில் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும். டாக்டர் பாஷை வேண்டாம். எங்கள் வீட்டுத் தாளில் இப்படி இருக்கிறது:

‘எனக்கு ஆட்டிசம். பேச்சு வராது, ஆனால் நீங்கள் பேசுவது புரியும். குட்டி என்று கூப்பிட்டால் திரும்புவேன். பின்னாலிருந்து தொடாதீர்கள், முன்னால் வந்து கையை நீட்டுங்கள். விசில் சத்தம் ஆகாது. தண்ணீரைப் பார்த்தால் இறங்கிவிடுவேன், கையை விடாதீர்கள். வலிப்பு வரும். காலை 8, இரவு 8 மாத்திரை, பையின் முன் ஜிப்பில். தயிர்சாதம், மாரி பிஸ்கட் சாப்பிடுவேன். கத்தினால் வலிக்கிறது அல்லது சத்தம் தாங்கவில்லை என்று அர்த்தம். கூப்பிட வேண்டியவர்கள்:’ அப்புறம் மூன்று போன் நம்பர், அதில் ஒன்று வெளியூர்க்காரர். பின்பக்கம் மாத்திரைப் பெயர்கள், அளவு, அலர்ஜி, ரத்த வகை, டாக்டர் நம்பர்.

இதை லேமினேட் செய்து ஒன்று பையில், ஒன்று பக்கத்து வீட்டில், ஒன்று ஸ்கூலில் வையுங்கள். போட்டோ எடுத்து நெருங்கிய நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் பிள்ளையைத் தெரியாத யாரிடமாவது, வாட்ச்மேன் அண்ணனிடம்கூட, கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் புருவத்தைச் சுருக்குகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

இப்பவாவது பைக்கு வாங்க. என்னென்ன வைக்கணும்?

எல்லா வீட்டுக்கும் பொதுவான டார்ச், தண்ணீர், பவர் பேங்க், துணிமணி, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ரொக்கம் மட்டும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகவும் இருக்கட்டும், நெட்வொர்க் இல்லாத நாளில் ஜிபே வேலை செய்யாது.

நம் பிள்ளைகளுக்கென்று தனியாக: மாத்திரை (அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது), பெரியவர்களுக்கான டயப்பர் கட்டுபவர்கள் ஒரு வாரத்துக்கு டயப்பர், காதை மூடுகிற ஹெட்போன், அவன் சாப்பிடுகிற அதே பிராண்டு பிஸ்கட், அவன் குடிக்கிற அதே டம்ளர். டம்ளர் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும். முகாமில் கொடுத்த பேப்பர் கப்பில் குடிக்க மாட்டேன் என்று ஒரு நாள் முழுக்கத் தண்ணீரே தொடாத பிள்ளைகள் உண்டு. கையில் வைத்து உருட்டுகிற சாமான் எதுவோ, கயிறோ, பழைய துண்டோ, அதே மாதிரி இன்னொன்று பையில் போடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் பை மேல் ‘கிளம்பும்போது நீலத் துண்டை எடு’ என்று மார்க்கரில் எழுதி ஒட்டுங்கள். படங்களைக் காட்டிப் பேசுகிற பிள்ளை என்றால் படங்களை லேமினேட் செய்து வளையத்தில் கோர்த்து ஒரு செட் வையுங்கள், டேப்லெட்டை நம்பாதீர்கள், சார்ஜ் போய்விடும்.

யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தருகிற அடையாள அட்டை), ஆதார், மாற்றுத்திறனாளி சான்றிதழ், மருந்துச் சீட்டு, இவற்றின் நகல்கள் ஜிப் கவரில். அசல்களை அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், பரணில் வையுங்கள். டிஜிலாக்கரில் ஏற்றிவைத்தால் இன்னும் நல்லது.

ஃபிட்ஸ் மாத்திரை எத்தனை நாளைக்கு வச்சிருக்கணும்? நடுவுல ரெண்டு வேளை விட்டா என்ன ஆகும்?

ரெண்டு வேளை விட்டால் நல்லபடியாக இருந்த பிள்ளைக்கே வலிப்பு வரலாம், அதுவும் விடாமல் வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மூளை முடக்குவாதத்தில் தசை இறுக்கத்துக்குக் கொடுக்கிற பேக்லோஃபென் மாத்திரைக்கும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ரெண்டு நாளில் ஓய்ந்துவிட்டது, ஆனால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூரில் தெருவில் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது, மருந்துக்கடை எங்கே திறந்தது! அதனால் மழைக்காலம் முழுக்க, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, குறைந்தது ரெண்டு வாரத்துக்கான மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். டாக்டரிடம் காரணத்தைச் சொல்லிக் கூடுதலாக எழுதி வாங்குங்கள், சில மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் கடையில் தரமாட்டார்கள். பையில் இருப்பதை மாதா மாதம் எடுத்துச் சாப்பிடக் கொடுத்துவிட்டு புதிதாக வாங்கியதைப் பையில் வைத்தால் காலாவதி ஆகிற பேச்சே இல்லை.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுக்கிற வேலையே வேண்டாம். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. வெள்ளத்தில் 108 வந்து சேர நேரமாகும் என்பதால், அந்த நேரத்தில் மூக்கில் அடிக்கிற மிடாசோலம் ஸ்பிரே உங்கள் பிள்ளைக்குச் சரியா என்று மழைக்கு முன்பே நரம்பியல் டாக்டரிடம் கேட்டு, அடிக்கிற விதத்தையும் அங்கேயே பழகிக்கொண்டு வாருங்கள்.

முன்னாடியே சொன்னா பயந்துடுவான். கடைசி நேரத்துல சொன்னா போதாதா?

கடைசி நேரத்தில் சொன்னால்தான் பயப்படுவான். பழக்கம் இல்லாததுதான் இவர்களுக்குப் பயம். மழை, தண்ணீர், பை, சித்தி வீடு என்று நாலு படம் போட்டு, நல்ல வெயில் நாளில், சாதாரணமாகக் கதை மாதிரி சொல்லுங்கள். ‘வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நாம பையை மாட்டிக்கிட்டு சித்தி வீட்டுக்குப் போவோம். அங்க தூங்குவோம். தண்ணி போனதும் திரும்பி வருவோம்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நிறையப் பிள்ளைகளுக்கு அழுகையே வீடு இனிமேல் இல்லையோ என்றுதான். எத்தனை நாளில் திரும்புவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், தேதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

சொன்னால் போதாது, செய்து பார்க்கவும் வேண்டும். பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவது, அரைமணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சில் சாப்பிடுவது, சித்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவது. லைஃப் ஜாக்கெட்டின் பெல்ட் நெஞ்சில் இறுக்குவது சிலருக்குத் தாங்காது, மார்புப் பட்டை உள்ள முதுகுப்பையை மாட்டிப் பழக்கினால் கொஞ்சம் ஒத்துவரும். இன்னொன்று, பேரிடர் எச்சரிக்கை வரும்போது எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறும், 2023-ல் சோதனைக்கு அனுப்பியபோது கேட்டிருப்பீர்கள். அதே மாதிரிச் சத்தத்தை மெதுவான ஒலியில் ஆரம்பித்துப் பழக்கலாம். அலர்ட்டை அணைத்துவைப்பது என் வரையில் தப்பு.

எப்பக் கிளம்பணும்னு எப்படித் தெரியும்? அரசாங்கம் சொல்லும் வரைக்கும் காத்திருக்கவா?

மற்றவர்கள் காத்திருக்கலாம், நீங்கள் காத்திருக்காதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, ஒன்றும் ஆகாத நாளில் சும்மா உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு வருவது எவ்வளவோ மேல். அக்கம்பக்கத்தில் ‘இதுக்கே கிளம்பிட்டியா’ என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

‘இதைத் தாண்டினால் கிளம்பிவிடுவோம்’ என்று உங்கள் வீட்டுக்கு ஒரு கோடு வைத்துக்கொள்ளுங்கள். அடையாற்றுப் பக்கம் என்றால் செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீர் திறக்கிற அளவை ஏற்றுகிறார்கள் என்ற செய்தி. கடலூர், நாகப்பட்டினக் கடற்கரை என்றால் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு எண். மற்ற இடங்களில் ரெட் அலர்ட், அல்லது தெருமுனையில் தண்ணீர் ஒரு குறிப்பிட்ட கல்லைத் தொடுவது. டிஎன் அலர்ட், சசேத் ஆகிய ரெண்டு அரசு ஆப்களிலும் எச்சரிக்கை வரும். கோடு எது என்பதை வெயில் நாளிலேயே முடிவு பண்ணி எழுதிவிடுங்கள். மழை நாளில் முடிவு பண்ண உட்கார்ந்தால் ‘இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்’ என்று வீட்டுக்காரர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம்.

முகாம்ல நம்ம பிள்ளையை வச்சு சமாளிக்க முடியுமா? சொந்தக்காரங்க வீடே மேலா?

சொந்தக்காரர்கள் வீடு கிடைத்தால் அதுதான் முதல், அதுவும் வேறு பகுதியில், மேட்டில். பழகிய நாலு முகம், ஒரு பாத்ரூம், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை. ஒரே சிக்கல், ‘ரெண்டு நாள்தானே’ என்று கூப்பிட்டவர்கள் ஐந்தாம் நாள் முகம் சுளிப்பார்கள். எத்தனை நாள், என்ன சத்தம் போடுவான், ராத்திரி எத்தனை முறை எழுவான் எல்லாவற்றையும் முன்கூட்டியே உடைத்துப் பேசிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ராத்திரியில்தான் தெரியும்.

முகாம்தான் கதி என்றால், வந்து உட்கார்ந்த பிறகு கேட்காதீர்கள், நுழையும்போதே பொறுப்பில் இருக்கிற வருவாய்த்துறைக்காரரிடம் தாளைக் கொடுத்து ஒரு மூலை கேளுங்கள். பெரும்பாலும் ஸ்கூல்தான் முகாம், அதனால் ஹாலை விட்டு ஒரு வகுப்பறை கேட்கலாம். ஒரு பெஞ்சைக் கவிழ்த்து மேலே புடவையைப் போட்டுக் கூடாரம் கட்டினால்கூட ஒரு பிள்ளை அடங்கி உட்காரும். கழிப்பறையைக் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். சாப்பாடு பெரும்பாலும் சாம்பார் சாதம், கிச்சடி, பொங்கல்தான், வேறு எதுவும் இறங்காத பிள்ளைக்குப் பையில் வைத்ததுதான் சோறு. பக்கத்தில் படுத்திருப்பவர்களிடம் நீங்களே போய் ‘அக்கா, இவனுக்கு இப்படி, ராத்திரி சத்தம் போடுவான்’ என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிப் பாதிக்கு வாசலைப் பார்த்து ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குத்தான் அடுத்த கேள்வி.

பேச்சு வராத பையன். கூட்டத்துல கையை விட்டுட்டு ஓடிட்டா என்ன பண்றது?

ஓடுவான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நாலு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது அப்படி ஓட முயன்றதாகப் பெற்றோர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஓடுகிற பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து தண்ணீர்தான். வெள்ளத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீர், அடியில் மூடியில்லாத பாதாளச் சாக்கடை, அறுந்த மின்கம்பி. அதனால் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கிற பக்கம் ஓடுங்கள், அப்புறம் மற்ற இடம்.

அடையாளத்துக்குக் கழுத்தில் கார்டு மாட்டினால் பிய்த்துப் போடுவார்கள். போன் நம்பரைத் துணியில் எழுதிச் சட்டையின் உள்பக்கம் தைத்துவிடலாம், அது உறுத்தும் என்றால் பேன்ட்டின் இடுப்புப் பட்டையில். மழை நாளில் முழங்கைக்கு மேல் அழியாத மார்க்கரால் நம்பர் எழுதுவது உடனடிக்கு நல்ல வழி. பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுதாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற எவர் பின்னாலும் போய்விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கிளம்புகிற அன்று அவன் போட்டிருக்கிற உடையோடு ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், போலீஸ் முதலில் கேட்பது அதைத்தான். 112-க்குச் சொல்லும்போது ‘கூப்பிட்டால் பதில் வராது, ஒளிந்துகொள்வான்’ என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயரைக் கத்திக்கொண்டே அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

போட் வந்து நிக்குது, இவன் ஏறவே மாட்டேங்கிறான். வலுக்கட்டாயமா தூக்கலாமா?

உயிர் போகிற நேரம் என்றால் தூக்கத்தான் வேண்டும், அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஆனால் எப்படித் தூக்குவது என்று படகில் வந்தவருக்குச் சொல்ல வேண்டியது நீங்கள். அரக்கோணத்தில் இருக்கிற தேசியப் பேரிடர் மீட்புப் படை ஆட்களாக இருந்தாலும் சரி, 2015-லும் 2023-லும் தங்கள் படகுகளோடு வந்து நின்ற மீனவர் அண்ணன்களாக இருந்தாலும் சரி, அவர்கள் உதவத்தான் வந்திருக்கிறார்கள், உங்கள் பிள்ளையைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. ‘அண்ணே, ஒரு நிமிஷம், விசில் அடிக்காதீங்க, ஒருத்தர் மட்டும் பேசுங்க, நான் முதல்ல ஏறி உட்காருறேன்’ என்றால் போதும். நீங்கள் ஏறி உட்கார்ந்து பையையும் அவன் துண்டையும் மடியில் வைத்துக்கொண்டால் பல பிள்ளைகள் பின்னாலேயே வந்துவிடும். பெரிய ஆளாக இருந்தால் பின்னாலிருந்து மடக்கிப் பிடிக்கவிடாதீர்கள், ரெண்டு பேரும் சேர்ந்து கவிழ்வீர்கள். குப்புறப் போட்டு முதுகில் அழுத்துவது எந்த வயதுப் பிள்ளைக்கும் கூடாது, மூச்சு அடைத்துவிடும்.

வீல்சேர்ல இருக்கா, சக்‌ஷன் மெஷின் வேற. கரண்ட் போனா?

தரைத்தளத்தில் குடியிருந்தால் மாடி வீட்டுக்காரரோடு இப்போதே பேசுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீல்சேரோடு படி ஏற்ற முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துப்பட்டாவால் இடுப்பைக் கட்டி ரெண்டு பேர் தூக்கலாம், யார் அந்த ரெண்டு பேர் என்பது தாளில் இருக்க வேண்டும். சளியை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் மெஷினுக்கு, கையாலோ காலாலோ இயக்குகிற பம்ப் ஒன்று மாற்றாக வாங்கிவையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் முதலில் மூழ்குவது அதுதான், மேலே தூக்கி வையுங்கள். குழாய் வழியாக உணவு போகிற பிள்ளை என்றால் மிக்ஸி ஓடாத நாளுக்குக் கரைத்துக் கொடுக்கிற பவுடர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், கூடுதல் சிரிஞ்ச். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு, மேலே கேட்ட ‘எப்பக் கிளம்பணும்’ கேள்வியில் சொன்ன கோட்டை இன்னும் ஒரு நாள் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

யூடிஐடி கார்டு வாங்கியாச்சு. கவர்ன்மெண்டுக்கு நம்ம வீடு தெரியும்தானே, வந்து கூட்டிட்டுப் போவாங்கதானே?

யூடிஐடி உதவித்தொகைக்கும் சலுகைக்கும். தெருவுக்குள் படகோடு வருகிறவர் கையில் கார்டு வாங்கியவர்களின் பட்டியல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சட்டத்தில் இடம் இருக்கிறது: 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரியப்படுத்தவும் வேண்டும். ஆணையத்தின் தலைவர் கலெக்டர். அதனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, விலாசம், எந்தத் தளம், நடப்பாரா மாட்டாரா, மெஷின் உண்டா என்ற விவரத்தோடு ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும், கிராமமாக இருந்தால் விஏஓவுக்கும், நகரம் என்றால் வார்டு கவுன்சிலருக்கும் கொடுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து போனால் மனுவுக்குக் கனம் கூடும்.

மனு கொடுத்துவிட்டோம் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். 112 எல்லா அவசரத்துக்கும், 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, சென்னை மாநகராட்சிக்கு 1913. பேசும்போது முதல் வாக்கியத்திலேயே ‘நடக்க முடியாத மாற்றுத்திறனாளி இருக்கிறார்’ என்று சொல்லிவிடுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம். இத்தனைக்கும் மேலாக, முதலில் வந்து சேரப்போவது எதிர்வீட்டுத் தம்பிதான். அவனை உங்கள் பிள்ளைக்கு இப்போதே பழக்கிவையுங்கள்.

சொல்லவே கூச்சமா இருக்கு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். அவனை உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் போறோம். வேற வழி இல்ல.

கூச்சப்பட வேண்டாம், இந்தக் கேள்வி எனக்குத் தனிச் செய்தியாக வந்துகொண்டே இருக்கிறது. பகல்நேர மையத்துக்கு வழி இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலையை விட்டால் சோறு இல்லை. உங்களைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் மனநோயாளிகள், நம் பிள்ளைகளின் நிலை வேறு, ஆனால் வெளியேற வழி இல்லாமல் போனால் எல்லோருக்கும் நடப்பது ஒன்றுதான். அதனால் கட்டிவைப்பது கூடவே கூடாது, சங்கிலியானாலும் சரி, புடவையானாலும் சரி.

பூட்டத்தான் வேண்டும் என்கிற நிலையில், ஆபத்தைக் குறைக்கிற வழியைச் சொல்கிறேன். மாற்றுச்சாவி நாள் முழுக்க வீட்டில் இருக்கிற ஒருவரிடம் இருக்கட்டும், அவரிடம் இல்லாத நாளில் பூட்டாதீர்கள். உள்ளே ஆள் இருப்பது தெரு முழுக்கத் தெரிய வேண்டாம், ஆனால் பக்கத்து ரெண்டு வீட்டுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கேஸை ரெகுலேட்டரில் மூடுங்கள், தீப்பெட்டி, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியவும் வேண்டாம், கைக்கு எட்டவும் வேண்டாம். ஒரு ஜன்னல் கம்பியாவது வெளியிலிருந்து திறக்கிற மாதிரி கொக்கி போட்டு மாற்றுங்கள். மழை அறிவிப்பு இருக்கிற நாளில் ஒருவர் லீவு போடுங்கள், சம்பளம் போனாலும் பரவாயில்லை. தாழ்வான தரைத்தள வீட்டில், பூட்டிய கதவுக்குப் பின்னால் அவன் இருக்க, நீங்கள் கிண்டியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ஒன்றுமே செய்ய முடியாது.

அவ ஹாஸ்டலோட இருக்கிற ஸ்பெஷல் ஸ்கூல்ல இருக்கா. அவங்க பார்த்துக்குவாங்கதானே?

கேட்டுப் பாருங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், மெயின் கேட் சாவி ராத்திரி யாரிடம், கடைசியாக ஒத்திகை பார்த்தது எப்போது, வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் எந்த இடம், யார் போன் செய்து சொல்வார்கள். இத்தனைக்கும் உடனே பதில் வந்தால் நல்ல இடம். ‘அதெல்லாம் கடவுள் பார்த்துக்குவார் மேடம்’ என்று வந்தால் மழைக்காலத்துக்கு மகளை வீட்டுக்குக் கூட்டிவர முடியுமா என்று யோசியுங்கள். முதலில் சொன்ன தாளும் மாத்திரைக் கையிருப்பும் அங்கேயும் ஒரு செட் இருக்கட்டும்.

நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்துல ஆஸ்பத்திரியில விழுந்துட்டா? இவனுக்குப் பதினெட்டு தாண்டிடுச்சு.

கொரோனா சமயத்தில் நிறைய வீட்டில் இதுதான் நடந்தது. இதை ரெண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று நாளைக்குத் தேவை சட்டம் இல்லை, ஆள். அவனைக் குளிப்பாட்ட, ஊட்ட, மாத்திரை கொடுக்கத் தெரிந்த ஒருவர். அத்தையோ, பழைய ஸ்பெஷல் டீச்சரோ, குழுவில் இன்னொரு அம்மாவோ. நம்பரைக் குறித்துவைத்தால் மட்டும் போதாது, மாதம் ஒரு நாள் அவர் வந்து அவனைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் சினிமாவுக்குப் போங்கள். எங்கள் குழுவில் ரெண்டு ரெண்டு குடும்பமாக ஜோடி சேர்த்திருக்கிறோம், ஒரே பகுதியில் இருப்பவர்களைச் சேர்க்கவில்லை, தண்ணீர் வந்தால் ரெண்டு வீட்டுக்கும் வந்துவிடும்.

அதற்கு மேல் போனால் சட்டம் வேண்டும். பதினெட்டு வயது ஆன பிறகு பெற்றோராக இருப்பதாலேயே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்கலாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளும் அறிவுசார் குறைபாட்டின் கீழ் வருவார்கள். இதற்கு நாள் ஆகும், புயல் சின்னம் உருவான பிறகு ஓடுகிற வேலை இல்லை. அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள், வருஷத்துக்கு 1 லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்.

தண்ணி வடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டோம். இப்பதான் ரொம்பப் படுத்துறான். ஏன்?

முகாமில் சமத்தாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் வெடிப்பது வழக்கம்தான். படுக்கையில் சிறுநீர் போகிற பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்பும், பேசிக்கொண்டிருந்த ரெண்டு வார்த்தை போகும், தூறல் விழுந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்கள், கேட்டதையே கேட்பார்கள். வீட்டை முழுக்கக் கழுவி அடுக்கி முடிக்கிற வரைக்கும் காத்திருக்காமல் அவனுடைய ஒரு மூலையை மட்டும் முதலில் பழையபடி அடுக்கிக் கொடுங்கள். எழுகிற நேரம், சாப்பாட்டு நேரம், குளியல் நேரம் மூன்றும் பழையபடி வந்தால் மற்றது மெல்ல வரும். நனைந்துபோன அவன் சாமானை அவனுக்குத் தெரியாமல் குப்பையில் போடாதீர்கள், காட்டிவிட்டுப் போடுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வருகிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்குத் தூக்கம் சரியாகாவிட்டால் உடனே டாக்டரைப் பாருங்கள். மற்றவர்களுக்கும் சில வாரத்தில் தணியாவிட்டால் காட்டத்தான் வேண்டும்.

இதெல்லாம் ஒரு தடவை செஞ்சா போதுமா, வருஷா வருஷம் பண்ணணுமா?

வருஷத்துக்கு ஒருமுறை. நான் ஆயுத பூஜை அன்று வைத்துக்கொள்கிறேன். எப்படியும் அன்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கிறோம், வடகிழக்குப் பருவமழையும் அதற்குச் சற்றுப் பின்னால்தான் வரும். பையைக் கொட்டி, சட்டை இன்னும் பத்துமா, பிஸ்கட்டின் தேதி போய்விட்டதா, டார்ச் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, தாளில் இருக்கிற மூன்று நம்பருக்கும் ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள். ஒன்றாவது மாறியிருக்கும். மாத்திரை அளவு மாறியிருந்தால் தாளைக் கையால் அடித்துத் திருத்தாதீர்கள், புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துப் போடுங்கள், பக்கத்து வீட்டிலும் ஸ்கூலிலும் கொடுத்துவைத்ததை மாற்ற மறந்துவிடாதீர்கள்.